பங்குச் சந்தை இங்கிலீசில் ஒரு வீடு கேட்டது

நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். யாரும் விரட்டவில்லை, நானாகவே வெளியே வந்துவிட்டேன். அதன்பிறகு கோமாரியில் கரைவலை இழுத்தேன். பொலன்னறுவையில் ஒரு நெல் ஆலையில் உமி அள்ளினேன். கருவாட்டு லொறியில் கிளீனராகச் சுற்றினேன். ஒரு போகம் ஒரு ஊரில் முடிந்தால் அடுத்த போகத்துக்கு வேறு ஊர். என்னைப் பற்றி யாராவது விசாரித்தால் உம்மா, "அவன் பஸ்ஸுலதான் இரிக்கான்" என்று சொல்லிவிடுவார். எந்த ஊர் பஸ் என்பது அவருக்கும் தெரியாது.

ஊருக்குள் கடல் வந்த நாளில் நான் அக்கரைப்பற்றில் ஒரு நெல் முதலாளியின் களஞ்சியத்தில் மூடை சுமந்துகொண்டிருந்தேன். கல்முனைக்கு நடந்தும், யாரோ ஒருவரின் சைக்கிளில் தொற்றியும் வந்து சேர்ந்தபோது எங்கள் வீடு நின்ற இடத்தில் கிணறு மட்டும் இருந்தது. வாப்பாவை மறுநாள் கண்டெடுத்து அடக்கினோம். உம்மாவும் தங்கச்சியும் பள்ளிவாசல் மேல்மாடியில் உயிரோடு இருந்தார்கள். அங்கே அழுகிறவர்கள் அழுதார்கள், மற்றவர்கள் சோறு சமைத்தார்கள். நான் சமைக்கிறவர்களோடு சேர்ந்துகொண்டேன். பெரிய சட்டியில் அரிசி கிண்டும் ஆளுக்கு யோசிக்க நேரம் கிடைக்காது.

போன வீடு உம்மாவுடையது. உம்மாவுக்கு அவருடைய உம்மா கொடுத்தது. அடுத்து தங்கச்சிக்குப் போகவேண்டியது. எங்கள் கரையில் அப்படித்தான். வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து இருப்பான். வீடு இல்லாத பெண்ணுக்குக் கலியாணம் பேசுவது கஷ்டம். வாப்பா இல்லாத குடும்பத்தில் அந்தப் பொறுப்பு மூத்த ஆண்பிள்ளையின் தலையில் விழும். தங்கச்சிக்கு ஒரு வீட்டைக் கொடுத்து, நிக்காஹ்வையும் முடித்து வைக்கும்வரை நான் பஸ் ஏற முடியாது. வாப்பாவின் தங்கச்சி, எங்கள் மாமி, தன் மகனுக்குத் தங்கச்சியைக் கேட்டு கடல் வருவதற்கு முன்னரே வாக்குக் கொடுத்திருந்தார். அந்த மச்சானுக்குக் கட்டாரில் ஏசி பொருத்துகிற வேலை. அவனும் காத்திருக்கத் தயாராகத்தான் இருந்தான். இல்லாமல் போனது வீடு மட்டும்தான்.

முதலில் கூடாரம், மறுகா தகரக் கொட்டில். நிவாரணச் சாமான் என்று பெட்டி பெட்டியாக வந்தது. எங்களுக்குக் கிடைத்த ஒரு பெட்டியில் கம்பளிக் கோட்டு, குதி உயர்ந்த ஒற்றைச் செருப்பு, கைப்பிடியைச் சுற்றினால் வேலை செய்யும் ஒரு ரேடியோ. கோட்டை உம்மா தலையணையாக்கினார். செருப்பால் கூடார முளை அடித்தேன். ரேடியோ என்னிடம் இருந்தது.

அந்த ரேடியோவில் மஃரிப் தொழுகைக்குப் பிறகு தெளிவாக விழுந்தது ஒரு இங்கிலீசு நிலையம்தான். மற்றதெல்லாம் இரைச்சல். அதில் பாட்டு இல்லை, நாடகம் இல்லை. ஒரு மனுசன் நிதானமான குரலில் உலகத்துச் சந்தைகளின் அன்றைய நிலவரத்தை வாசிப்பான். முதல் சில நாட்கள் ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் அவனிடம் ஒரு நல்ல குணம் இருந்தது. நேற்றுச் சொன்ன சொற்களையே இன்றைக்கும் சொன்னான். செய்தி வாசிப்பவர்களுக்கு ஒவ்வொரு நாளும் புதிய மந்திரி, புதிய ஊர், புதிய விபத்து. இவனுக்கு ஏறினது, இறங்கினது, அப்படியே நின்றது, அவ்வளவுதான். அந்த மூன்றையும் சுற்றி ஒரு கைப்பிடிச் சொற்கள்.

மார்க்கட் என்பது ஒரு ஆள் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். காலையில் 'வீக்' ஆக எழும்புவார், பகலில் 'ரிகவர்' ஆவார், பின்னேரம் 'ஸ்ட்ரோங்' ஆகக் கடையைப் பூட்டுவார். சில நாள் 'நேர்வஸ்', சில நாள் 'கொன்ஃபிடன்ட்'. சீக்காளியான ஒரு பெரிய முதலாளி, அவருடைய உடம்பு நிலவரத்தைத்தான் உலகம் முழுக்க அறிவிக்கிறார்கள் என்று இருந்தேன். அப்படி நினைத்ததாலேயே அந்தச் சொற்கள் எல்லாம் மனுசருக்குரிய சொற்களாக எனக்குள் இறங்கின. உம்மாவுக்குக் காய்ச்சல் வந்தபோது, 'வீக், ரிகவர், ஸ்ட்ரோங்' என்று வரிசையாகச் சொல்லிப் பார்த்தேன். பொருத்தமாகத்தான் இருந்தது.

பிறகு அது ஆள் இல்லை, விலை என்று விளங்கியது. விலை என்றால் எனக்குத் தெரியும். மூடை சுமப்பவனுக்கு, வாங்குகிறவனுக்கும் விற்கிறவனுக்கும் முன்னால் நெல் விலை தெரிந்துவிடும். யார் அவசரமாக இறக்குகிறான், யார் லொறியிலேயே வைத்துக்கொண்டு நிற்கிறான் என்று பார்த்தால் போதும். அறுவடைக் காலத்தில் எல்லோரும் ஒன்றாய்க் கொண்டுவந்து குவித்தால் விலை விழும். ரேடியோக்காரன் அதை 'பிரஷர்' என்றான். வானம் கறுத்தால் முதலாளிமார் வாங்காமல் விற்காமல் கையைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து பார்ப்பார்கள். அது 'வெயிட் அன் சீ'. கஷ்டப்படுத்திய சொல் 'டிஸ்பைட்'. அதை வைத்துக்கொண்டு பல மாதம் திண்டாடினேன். அந்தச் சொல்லுக்குப் பிறகு எப்போதும் ஒரு கெட்ட செய்தி வரும், ஆனால் விலை மட்டும் ஏறியிருக்கும். ஒரு நாள் மாவடிப்பள்ளி வயலில், கடல்தண்ணி ஏறி உப்புப் பிடித்த பூமியில் ஒரு ஆள் பிடிவாதமாக விதைத்து, அது பச்சையாக எழும்பி நின்றதைப் பார்த்தேன். 'டிஸ்பைட்' என்று வாயில் தானாக வந்தது. அதற்குப் பிறகு அந்தச் சொல்லோடு எனக்குப் பிரச்சினை இல்லை.

தங்கச்சி சாதாரண தரப் பரீட்சையில் இங்கிலீசு பாஸ். அவளுடைய புத்தகத்து இங்கிலீசில் குடை இருந்தது, பூனை இருந்தது, மாமா வீட்டுக்குப் போகும் ரயில் இருந்தது. என்னுடையதில் அது ஒன்றும் இல்லை.

"காக்கா, ஒரு பிளேன்டீ வேணுமெண்டு இங்கிலீசுல கேக்கத் தெரியுமா உங்களுக்கு?" என்று ஒரு நாள் கேட்டாள். எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

யோசித்துவிட்டு, "டிமாண்ட் ஃபோ டீ இஸ் ஸ்ட்ரோங்" என்றேன்.

"சப்ளை இல்ல. சீனி முடிஞ்சி" என்றாள்.

அதிலிருந்து கொட்டிலில் இது ஒரு பாஷையாகிவிட்டது. உம்மாவின் கோபம் 'ஈஸ்' ஆகியிருக்கிறதா என்று தங்கச்சி குசினிப் பக்கம் போய்ப் பார்த்துவந்து சொல்வாள். இரண்டு பேரும் சேர்ந்து தன்னைத்தான் கதைக்கிறோம் என்று உம்மாவுக்குத் தெரியும். "கதைங்க, கதைங்க, சோத்துக்கு வரத்தானே வேணும்" என்பார்.

சண்டை நடந்த வருசங்கள் அவை. நான் தூரம் போக முடியாததால் ஊரோடு இருந்து நெல் லொறிகளில் வேலை செய்தேன். ஒரு நாள் பாதை திறந்திருக்கும், ஒரு நாள் அடைத்திருக்கும். சோதனைச் சாவடியில் சாமானை எல்லாம் இறக்கிக் காட்டி மீண்டும் ஏற்றவேண்டும். கல்முனைச் சந்தியில் தேத்தண்ணிக் கடையில் நிற்கும் லொறி டிரைவர்மாருக்கு நான் காலையில் பாதை நிலவரம் வாசிக்கத் தொடங்கினேன். முன்னால் வந்த வண்டிக்காரர்களிடம் விசாரித்து, ரேடியோக்காரனின் குரலில் சொல்வேன்: "காரைதீவு ஸ்டெடி. அக்கரைப்பற்று மிக்ஸ்ட். பொத்துவில் பக்கம் வொலட்டைல்." எந்த நேரமும் எந்தப் பக்கமும் சாயலாம் என்றால் 'வொலட்டைல்' என்று அவர்களுக்கும் பழகிவிட்டது. இங்கிலீசு தெரியாத டிரைவர்மார், "மச்சான், இண்டைக்குப் பொத்துவில் எப்பிடி, வொலட்டைலா?" என்று கேட்பார்கள். ஆம் என்றால் இன்னொரு தேத்தண்ணி சொல்லிவிட்டு உட்காருவார்கள்.

ஒரு முறை அந்த ரேடியோ எங்கள் கொட்டில் வரிசையையே ஓட வைத்தது. வெளிநாடுகளில் வங்கிகள் விழுந்துகொண்டிருந்த காலம். அன்று ரேடியோக்காரன் குரல் கொஞ்சம் உயர்ந்தது. விழுகிறது, விழுகிறது என்று சொல்லிக்கொண்டே போனவன் இடையில் 'சுனாமி' என்றான். பக்கத்துக் கொட்டிலில் மீன் வியாபாரியின் பெண்சாதிக்கு இங்கிலீசில் தெரிந்த ஒரே சொல் அது. அது இங்கிலீசுச் சொல்கூட இல்லை. அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். அவரைப் பார்த்து அடுத்த கொட்டில், அதைப் பார்த்து அடுத்தது. நான் எழும்பி வாசலுக்கு வருவதற்குள் பாதி வரிசை பெரிய றோட்டுக்குப் போய்விட்டது. உம்மா கோட்டுத் தலையணையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உம்மா, அது காசுக்கு வந்த சுனாமி" என்றேன்.

"எந்த ஊருக்கு?"

"அமெரிக்காவுக்கு."

"அங்கயும் கடல்கரையில புள்ளைகள் இரிக்கும்தானே" என்று சொல்லிவிட்டு, அவரும் றோட்டுக்குத்தான் போனார். எல்லோரும் திரும்பி வர இஷா தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். மீன் வியாபாரி என்னிடம் வந்து, "தம்பி, இனி அந்த ரேடியோவில ஏறுற நாள் மட்டும் போடு" என்றார்.

சண்டை முடிந்த பிறகுதான் வீடுகள் முடிந்தன. மாவடிப்பள்ளிப் பக்கம் வயல் காணியை மண் போட்டு நிரப்பி, ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் வரிசையாகக் கட்டிக் கொடுத்தது. இரண்டு அறை, ஒரு குசினி, முன்னால் சின்ன விறாந்தை. மச்சான் கட்டாரில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டான். இரண்டு மாத லீவு. அதற்குள் நிக்காஹ் முடியவேண்டும். தவறினால் அடுத்த லீவுக்கு இரண்டு வருசம்.

வீடு கையளிக்கிற நாளில் பந்தல் போட்டு, கதிரை அடுக்கி, பெயர் வாசித்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். வாசித்த பெயர் எல்லாம் ஆண்களின் பெயர். மீன் வியாபாரி போனார், பத்திரத்தை வாங்கினார். என் பெயரையும் வாசித்தார்கள். நான் போய்க் கைகொடுத்துவிட்டு வாங்கிவந்தேன். திரும்பி வந்து கதிரையில் இருந்தபோதுதான் பெண்கள் பக்கம் ஒரு அமைதி இருந்ததைக் கவனித்தேன்.

நடந்தது இதுதான். பெயர் பதிய வந்தவர்கள் கூடாரம் கூடாரமாக, "குடும்பத் தலைவர் யார்?" என்று கேட்டார்கள். எங்கள் ஊரில் இந்தக் கேள்விக்கு எந்தப் பெண்ணும் யோசிக்காமல் புருசனின் பெயரைச் சொல்வாள், புருசன் இல்லாவிட்டால் மூத்த மகனின் பெயரை. "வீடு யாருடையது?" என்று கேட்டிருந்தால் அதே பெண் யோசிக்காமல் "என்ட" என்று சொல்லியிருப்பாள். இரண்டும் வேறு வேறு கேள்விகள் என்பது எங்களுக்கு அவ்வளவு இயல்பாக இருந்ததால் யாரும் வாய் திறக்கவில்லை. அவர்கள் முதல் கேள்வியைக் கேட்டு, வந்த பதிலை இரண்டாவதுக்கு எழுதிவிட்டார்கள்.

மீன் வியாபாரி புது வீட்டு விறாந்தையில் காலை நீட்டிப்போட்டு, "இனி இஞ்ச என்ட சொல்லுத்தான்" என்று பெண்சாதியின் காதில் விழும்படி சொன்னார்.

"அப்ப மீனையும் நீங்களே ஆய்ஞ்சு, நீங்களே ஆக்கிக்கங்க வீட்டுக்காரரே" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

நானும் அன்று பின்னேரம் என் பெயரிலிருந்த வீட்டுக்குள் தனியாகப் போய் இருந்து பார்த்தேன். சுவரில் சுண்ணாம்பு வாசம். யன்னலைத் திறந்தால் வயல். ஒரு மணித்தியாலம் நன்றாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு கோமாரியில் இப்போது என்ன மீன் படுகிறதோ என்ற நினைப்பு வந்துவிட்டது.

மாமி மறுநாள் வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார், குசினிக் கதவைத் திறந்து மூடினார், தண்ணிக் குழாயைத் திருகினார். எல்லாம் திருப்தி. பிறகு கேட்டார்.

"வீடு ஆர்ட பேருல மனெ?"

"என்ட பேருல மாமி."

"அப்ப மாப்பிளயையும் நீயே எடுத்துக்க."

உம்மா சிரித்துவிட்டார். மாமி சிரிக்கவில்லை. "நான் வெளாட்டுக்குச் சொல்லல்ல. நாளைக்கு நீ ஒரு பொண்ணக் கட்டுவாய். அவள் நல்லவளா இரிப்பாள், அவள்ட உம்மா எப்பிடியோ. இவள் ஆர்ட வீட்டுல இரிக்கிற? காக்காட வீட்டுலயா? என்ட மகன் மச்சான்ட வீட்டுக்கா மாப்பிள வாற? ஊரு சிரிக்கும். அவள்ட பேருல மாத்திக் கொண்டா, மறுநாளே நிக்காஹ்."

நிறுவனத்தின் ஒபிஸில் இருந்த எங்கள் ஊர் உத்தியோகத்தர் நல்ல மனுசர். கதிரை தந்து கேட்டார். பத்திரம் இன்னும் பிரதேசச் செயலாளரின் டீஎஸ் ஒபிஸில் முடிந்த முடிவாகப் பதியவில்லை, ஆனால் பெயரை மாற்ற அனுமதிக்கிற அதிகாரம் தனக்கு இல்லை என்றார். வீட்டுத் திட்டத்துக்குப் பொறுப்பான வெளிநாட்டு அம்மா கடைசித் தடவையாக வருகிறார், சண்டை முடிந்துவிட்டதால் நிறுவனம் வடக்குக்குப் போகிறது, அந்த ஒரு நாளில் நேரில் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்றார். "நான் இரிப்பன், சொல்லித் தாறன்" என்றும் சொன்னார். அவர் சொன்னபடி வந்திருப்பார். அந்த வாரம் அவருக்கு டெங்குக் காய்ச்சல் பிடித்து ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டார்கள்.

வந்த அம்மாவுடன் குருநாகல் டிரைவர் ஒருவர் மட்டும் இருந்தார். அவருக்குச் சிங்களம் தெரியும், வழி தெரியும். அம்மா ஐம்பது வயதுக்காரி, வெயிலில் கழுத்தெல்லாம் சிவந்திருந்தது. எங்கள் விறாந்தையில் கதிரை போட்டு இளநீர் வெட்டிக் கொடுத்தோம். வரிசைப் பெண்கள் எல்லாம் முற்றத்தில். ஆண்கள் கொஞ்சம் தள்ளி, வேறு அலுவலாக நிற்பதுபோல. மாமி கதிரையில். தங்கச்சிக்கு என்னைவிட ஒழுங்கான இங்கிலீசு தெரியும். ஆனால் மாமியார் முன்னால் தன் கலியாணக் கதையைத் தானே கதைக்க முடியாது என்று அறைக்குள், யன்னல் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

நான் சாரத்தை இறக்கிவிட்டுக்கொண்டு தொடங்கினேன். "மேடம், ஓனர்ஷிப் நியூஸ். நொட் குட்."

அந்த அம்மா இளநீரைக் கீழே வைத்தார்.

"ஹவுஸ், மேன் நேம். இன் அவர் பிளேஸ், மேன் ஷோர்ட் டேர்ம். வுமன் லோங் டேர்ம் ஹோல்டர்." கொஞ்ச நாளில் விற்றுவிட்டுப் போகிறவர்களையும், வருசக் கணக்கில் கையில் வைத்திருப்பவர்களையும் ரேடியோக்காரன் அப்படித்தான் பிரித்துச் சொல்வான். எங்கள் ஊர் வீட்டு வழக்கத்தைச் சொல்ல இதைவிடச் சரியான சொல் எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அம்மா சிரித்தார். பிறகு, ஏன் இப்போது மாற்றவேண்டும் என்று கேட்டார். அது விளங்கியது. "மை சிஸ்டர், மரீஜ்" என்றேன். அவருடைய முகம் மாறியது. நீளமாக ஏதோ கேட்டார். அதில் முக்கியமான ஒரு சொல் ரேடியோவில் ஒரு நாளும் வராத சொல். நான் முழித்தேன்.

"சீதனமா எண்டு கேக்குறா" என்றது யன்னல்.

கேள்வி அதுவென்றால் கதை அதோடு முடிந்துவிடும் என்பது எனக்கும் விளங்கியது. பெண்ணைக் கொடுப்பதற்கு மாப்பிள்ளை வீட்டார் வீட்டைப் பிடுங்குகிறார்கள், அதற்கு இந்த நிறுவனம் துணை போகாது என்று அவர் சொன்னதாக யன்னல் சொன்னது. அம்மா கையில் இருந்த ஃபைலை மூடினார்.

"என்னவாம்?" என்றார் மாமி.

"சீதனத்துக்கு வீடு மாத்த ஏலாதாம்."

மாமி எழும்பிவிட்டார். "ஆர் கேட்ட சீதனம்? நான் கேட்டனா? வீட்ட என்ட மகனுக்கா குடுக்கப் போறாய்? அவன் பேக்கத் தூக்கிக்கு வந்து ஒண்டுறவன். நாளைக்கு அவன் துள்ளினான் எண்டா, பேக்கத் தூக்கி வெளிய வெச்சிடுவாள் இவள். எனக்கு நாலு ஆம்புளப் புள்ள. ஒருத்தன்ட பேருலயும் ஒரு ஓடு இல்ல. மத்த மூணு பேரும் பொண்டாட்டிட வீட்டுல. எங்கட மூத்தாப்பாவும் அப்பிடித்தான், உன்ட வாப்பாவும் அப்பிடித்தான். சொல்லு அவவுக்கு."

"மாமி, கொஞ்சம் கொஞ்சமாச் சொல்லுங்க."

"நான் சொல்லி முடிச்சிட்டன். நீ கொஞ்சம் கொஞ்சமாச் சொல்லு."

சொன்னேன். "திஸ் லேடி, மதர் ஒஃப் த போய். ஃபோர் சன்ஸ். ஸீரோ ஹவுஸ்." அம்மா விரலை மடக்கி, நாலு மகன், வீடே இல்லையா என்று சைகையில் கேட்டார். "ஸீரோ" என்று மாமியே சொன்னார். ஸீரோ யாருக்கும் தெரியும். நான் தொடர்ந்தேன். "போய் கம் டு சிஸ்டர் ஹவுஸ். நொட் ஓனர். இஃப் பேட் பெர்ஃபோமன்ஸ், எக்ஸிட். ஹவுஸ், அன்சேஞ்ட்." ஏறவும் இல்லாமல் இறங்கவும் இல்லாமல் ஒரு நாள் கழிந்தால் ரேடியோக்காரன் போடுகிற சொல் அது. மாப்பிள்ளை போனாலும் வீடு அப்படியே இருக்கும்.

அந்த அம்மா என்னை விட்டுவிட்டு மாமியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழும்பி, பக்கத்து வீடுகளைப் பார்க்கலாமா என்றார். நானும் கூடப் போனேன். ஒவ்வொரு வாசலிலும், கடல் கொண்டுபோன வீடு யாருடையது என்று அந்த வீட்டுப் பெண்ணிடம் கேட்கச் சொன்னார். முதல் வீட்டில் "என்ட" என்றாள். இரண்டாவதில் "என்ட, என்ட உம்மா தந்த" என்றாள். மீன் வியாபாரியின் வீட்டில் நான் கேட்பதற்கு முன்னமே அந்த அம்மா நெஞ்சில் கைவைத்து, "என்ட?" என்று கேட்டார். "ஓம், என்ட" என்றார் அவருடைய பெண்சாதி, புருசனைப் பார்த்தபடி. மீன் வியாபாரி வயலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வாகனத்தில் ஏறும்போது அந்த அம்மா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். வீட்டைக் கொடுத்துவிட்டு நீ எங்கே இருப்பாய்? யாராவது கட்டாயப்படுத்துகிறார்களா?

"நோ பிரஷர் மேடம். ஐ ஆம் வொலட்டைல்" என்றேன்.

இந்த இங்கிலீசை எங்கே படித்தாய் என்று கேட்டார். சொன்னேன். அப்படியானால் எந்தக் கம்பெனியின் பங்கு வைத்திருக்கிறாய் என்று கேட்டார். நெல் மட்டும்தான், அதுவும் அடுத்தவனுடைய நெல் என்று சொல்ல எனக்குச் சொல் போதவில்லை. "ஒன்லி ரைஸ்" என்றேன். தன்னுடைய மேலிடத்தில் கேட்டுத்தான் முடிவு சொல்லலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மச்சான் கொழும்பில் வந்து இறங்கி, ஊருக்கு வந்து, மாமி வீட்டில் பெட்டி அவிழ்த்து, எங்களுக்கு சவர்க்காரமும் ஈச்சம்பழமும் கொடுத்தனுப்பினான். லீவில் பாதி கரைந்தது. உம்மா தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார். தங்கச்சி ஒன்றும் கேட்கமாட்டாள், ஆனால் றோட்டில் வாகனச் சத்தம் கேட்டால் யன்னலுக்குப் போவாள். நான் சந்தியில் பாதை நிலவரம் வாசிப்பதை விட்டுவிட்டேன். பாதை எல்லாம் திறந்துவிட்டதால் கேட்கவும் ஆளில்லை. லொறிகள் அம்பாறை அரிசியை ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம்வரை போகத் தொடங்கியிருந்தன. ஒரு டிரைவர் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். "கலியாணம் முடியட்டும்" என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

முடிவை அந்த உத்தியோகத்தர்தான் கொண்டுவந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர், ஆள் பாதியாக இளைத்திருந்தார். வரிசையில் எல்லோரும் பெயர் மாற்றலாம். வீடு யார் பெயரில் இருக்கிறதோ அந்த ஆள் தன் விருப்பத்துடன் டீஎஸ் ஒபிஸில் வந்து கையெழுத்துப் போடவேண்டும். யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. விரும்பினால் புருசன், பெண்சாதி இரண்டு பேர் பெயரிலும் எழுதலாம்.

நான் மறுநாள் காலையில் முதல் ஆளாகப் போய் நின்றேன். கிளார்க் தாளைத் தந்துவிட்டு, "வாசிச்சிப் பாருங்க, போட்டா மறுகா திரும்ப எடுக்க ஏலா" என்றார். அவருக்கு என் முகத்தில் ஏதோ சந்தேகம் பட்டிருக்கவேண்டும். வீட்டை விடுகிறவன் கொஞ்சமாவது கவலையோடு நிற்கவேண்டும்தானே. எனக்கு மனசுக்குள் யாழ்ப்பாண லொறி நின்றது.

எங்கள் வரிசையில் பாதிப் பேர் அந்த வாரமே போய்ப் போட்டார்கள். சிலர் இரண்டு பெயராக எழுதினார்கள். மீன் வியாபாரி, "கொஞ்ச நாள் வெச்சிரிந்துட்டுக் குடுக்கிறன், ஒரு ஆசைதானே" என்றார். பெருநாள் முடிந்துதான் போனார். அதுவரை அந்த வீட்டில் அவர்தான் மீன் ஆய்ந்தார் என்று கேள்வி.

நிக்காஹ் ஒரு வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு. வாப்பா இல்லாததால் பெண்ணின் பொறுப்பாளியாக, 'வலி'யாக இருந்து தங்கச்சியைக் கொடுத்தவன் நான்தான். வாப்பா இருந்திருந்தால் இந்த இடத்தில் அவர் இருந்திருப்பார் என்று எல்லோருக்கும் தெரியும். மாமி மட்டும் முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு, பிரியாணிச் சட்டியைத் திறந்து பார்த்து, "இறைச்சி போதாது" என்றார். போதுமாகத்தான் இருந்தது. மச்சான் ஒரு பேக்குடன் வந்தான். அதை எங்கே வைக்கலாம் என்று தங்கச்சியைக் கேட்டுத்தான் வைத்தான்.

அடுத்த கிழமை நான் அரிசி லொறியில் யாழ்ப்பாணம் போனேன். அங்கிருந்து மன்னார், அங்கிருந்து வேறொரு லொறியில் புத்தளம். எங்கும் இறக்கிக் காட்டச் சொல்லவில்லை. கட்டியபடி ஏற்றிய மூடை கட்டியபடியே போய் இறங்கியது. அப்படி ஒரு பயணம் என் வாழ்நாளில் அதற்கு முன் செய்ததில்லை. புத்தளத்தில் கொஞ்ச நாள் உப்பளத்தில் வேலை செய்தேன்.

திரும்பி வந்தபோது மச்சான் கட்டாருக்குப் போய்விட்டிருந்தான். பஸ்ஸிலிருந்து இறங்கி, வயல் வரம்பால் குறுக்கே நடந்து, ஒரு பையில் பனங்கட்டியும் இன்னொரு பையில் கருவாடுமாக வாசலில் ஏறினேன். விறாந்தைக்குச் சிவப்புச் சீமெந்து பூசி, முகம் பார்க்கும் அளவுக்குத் தேய்த்து வைத்திருந்தார்கள். உம்மா உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். தங்கச்சி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். எத்தனை நாளைக்குப் பிறகு வருகிறேன் என்று கேட்பாள் என நினைத்தேன்.

"அங்கயே நில்லுங்க காக்கா" என்றாள். "குழாயில காலக் கழுவிட்டு வாங்க. சேத்தக் கொண்டு வராதங்க என்ட வீட்டுக்குள்ள."

பைகளைப் படியில் வைத்துவிட்டு, நான் குழாயடிக்குப் போனேன்.